பதினோராயிரம் லிட்டரில் ஒரு வாசனை

செவ்வாய், நீர்ச் சுத்திகரிப்பு நிலையம்
பதிவு செய்வது: இருதயமேரி, ஹார்மோன் ஆய்வாளர்

நாள் 1102. காலை 07:10
சுழற்சி நீர் 11,000 லிட்டர். அழுத்தம் சரி. அம்மோனியா எல்லைக்குள். ஐந்து பேர் குடிப்பதும் குளிப்பதும் கழிப்பதும் மூன்று வருடமாக இதே தண்ணீர்தான். மற்ற நால்வரும் மூன்று கிலோமீட்டர் தள்ளிக் குடியிருப்பில். இங்கே நான் ஒற்றை ஆள். புழுதிப் புயல் தொடங்கிவிட்டதால் வண்டிகள் ஓடாது.

செண்பகவல்லிக்கு ஒன்பதாவது வாரம். செவ்வாயில் பிறக்கப்போகும் முதல் குழந்தை. ரத்தப் பரிசோதனை ஆண் என்கிறது. ஓயாத வாந்தி. ஆனால் தண்ணீரில் இப்போது நாற்றமே இல்லையாம், அது மட்டும் வயிற்றில் நிற்கிறதாம். மூன்று வருடத்தில் என் வேலைக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

குளித்துப் பவுடர் போட்டேன். நல்ல நாள்.

நாள் 1105. மாலை 16:40
கண்காணிப்புத் தொட்டியில் ஜிலேபி கெண்டைகள் வளர்வதும் இதே நீரில்தான். ஆறு ஆண் மீன்களை அறுத்துப் பார்த்தேன். நான்கின் விந்தகத்தில் முட்டைகள். கத்தியைக் கழுவிவிட்டு மறுபடி பார்த்தேன். முட்டைகளேதான்.

நாள் 1106. காலை 11:05
குழாய், பெயின்ட், பிளாஸ்டிக் டப்பா எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாயிற்று. பூமிக்கு எழுதிக் கேட்டதற்கு வந்த பதில்: "பட்டியலில் இல்லாத பொருள் ஏதும் உள்ளே இருக்கிறதா?"
இல்லை என்று எழுதினேன். சத்தியமாக இல்லை என்றுதான் நினைத்தேன்.

நாள் 1107. மாலை 15:20
பகுப்பாய்வு வந்தது. தாலேட். வாசனையை நெடுநேரம் நிற்க வைக்கச் சேர்ப்பது. ஆண் ஹார்மோனை அடக்கக்கூடியது. இங்கே வாசனைப் பொருளே கிடையாது, யார் கொண்டுவந்த சனியன் இது என்று எரிச்சலோடு குளிக்கப் போனேன். குளித்து முடித்ததும் கை தானாகப் பவுடர் டப்பாவைத் தேடிப் போயிற்று.

ஐயோ, மாதாவே.

எங்கள் தூத்துக்குடியில் குளித்துவிட்டுப் பவுடர் போடாமல் வந்தால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். துணிகளுக்குள் சுருட்டி இருபது டப்பா கொண்டுவந்தேன். பட்டியலில் எழுதவில்லை. பவுடரை யாராவது ரசாயனம் என்று எழுதுவார்களா? போதாததற்கு, இதையெல்லாம் உறிஞ்ச வேண்டிய வடிகட்டிக் கரியைச் சிக்கனம் என்று மாற்றாமல், பழையதையே சுட்டுச் சுட்டுப் போட்டேன். மூன்று வருடமாக என் கழுத்தில் வழிந்ததெல்லாம் அந்தப் பெண்ணின் தம்ளருக்குப் போயிருக்கிறது. கருவில் ஆண் உறுப்புகள் உருவாகிற வாரங்கள் இவை.

குடியிருப்புக்குச் செய்தி: "வடிகட்டி பழுது. டப்பாவில் அடைத்த அவசரத் தண்ணீரைக் குடிக்கவும்."

பவுடரைப் பற்றிச் சொல்லவில்லை. ஹார்மோன் படித்தவள், ஐம்பத்தொரு வயது. வெட்கம். குடியிருப்புக்குப் போகும் வால்வை மூடினால் ஏன் என்று கேட்பார்கள். தோட்டத்துக்கும் குளியலுக்கும் வேண்டுமே என்று எனக்கே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டேன்.

நாள் 1114. காலை 06:00
டப்பாக்களை உறையில் இட்டு முத்திரை வைத்து ஏழு நாள். வாசனை போகவில்லை. தலையணையில் இருக்கிறது. டீயின் ஆவியில் இருக்கிறது. திரும்பினால் யாரோ இப்போதுதான் குளித்துவிட்டு என்னைத் தாண்டிப் போனது போல இருக்கிறது. பயமாக இருக்கிறது. தொட்டியில் மிஞ்சியிருந்த இரண்டு ஆண் மீன்களையும் அறுத்தேன்.
பார்த்ததை எழுதப் பிடிக்கவில்லை.

நாள் 1121. காலை 09:31
வல்லியிடமிருந்து:
"மேரிக்கா, கோவப்படாதிய. அவசரத் தண்ணி டப்பா வாடை அடிக்கு, குடிச்சா கொடலே வெளிய வருது. வடிகட்டி பழுதுதான, ஒண்ணும் ஆவாதுன்னு பழைய தண்ணியத்தான் குடிக்கேன். அதுல ஒங்க பவுடர் வாசம் வருதுக்கா. எங்கம்மா போடுததும் அதே பவுடர்தான். அவ செத்த பொறவு இப்பத்தான் பக்கத்துல இருக்காப்ல இருக்கு. ஆசையா ரெண்டு தம்ளர் கூடவே குடிக்கேன்."

09:38
வால்வை மூடினேன். பதினான்கு நாள் கழித்து.

09:52
அனுப்பினேன்: "வல்லி, குடிக்காதே. அது உன் அம்மா இல்லை. நான்தான்."
கீழே எல்லாவற்றையும் எழுதினேன். மீன்களையும்.

10:30
படித்துவிட்டாள். பதில் இல்லை.

11:50
வியர்க்கிறது. கழுத்தைத் துடைத்தேன். கையில் இன்னும் அதே வாசனை.