ஈசானிய மூலைக் கள்ளி

பிரியமுள்ள தங்கச்சிக்கு,

முதலில் பிள்ளைகள் சேதி. பெரிய பேரன் இன்ஜினியர் படிப்பை முடித்து கோயம்புத்தூரில் வேலையில் சேர்ந்துவிட்டான். சின்னவன் பேங்க் பரீட்சையில் பாஸ். பேத்தி ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு வாங்கினாள். சேதியைத் தெரு முழுக்க நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இதெல்லாம் கிடக்கட்டும். பன்னிரண்டு வயதில் உன் மகள் தறியில் உட்கார்ந்து துணி நெய்துவிட்டாள்.

இன்றைக்குக் காலையில்தான் அசாமில் உன் ஊர் கோக்ராஜாரில் இருந்து பொட்டலம் வந்தது. பச்சையும் மஞ்சளுமாக ஒரு துண்டு. அரோனாய் என்று நீ சொல்லுவாயே, அது. ஓரத்தில் மலை மலையாய்ப் பூவேலை. ஒரு மலை மட்டும் கோணல். பிரித்ததும் புது நூல் வாசனை. நம் ராஜபாளையத்தில் நூல் வாசனைக்கா பஞ்சம்? மில்லும், பேண்டேஜ் துணித் தறியுமாக ஊரே அந்த வாசனைதான். ஆனாலும் மடியில் வைத்துக்கொண்டு எழுந்திரிக்கவே மனசில்லாமல் இருந்துவிட்டேன். உன்னிடம் பேச வேண்டியது இருக்கிறது.

எண்பத்தாறில் பட்டாளத்துக் கொழுந்தனார் உன்னைக் கல்யாணம் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்தார். மார்பில் இருந்து கணுக்கால் வரைக்கும் சுற்றின மஞ்சள் தொக்கனா, கையில் ஒரு டிரங்குப் பெட்டி. ஒரு மாசத்தில் அவர் எல்லைக்குத் திரும்பிவிட்டார். நீ எங்களோடு இருந்தாய். அக்கா, தண்ணி, சோறு, போதும். இந்த நாலு வார்த்தைதான் உனக்கு எங்கள் பாஷை. வயிற்றில் மூன்று மாசம்.

ஒரு நாள் எல்லோருமாகப் பிளவக்கல் அணை பார்க்கப் போனோம். மலையடிவாரத்தில் இலைக்கள்ளியைப் பார்த்துவிட்டு நீ ஓடினாய். வந்ததில் இருந்து நீ சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு கிளையை ஒடித்து முந்தானையில் பொதிந்து கொண்டுவந்து, முற்றத்தில் வடகிழக்கு மூலையில் நட்டாய். மூங்கிலைப் பிளந்து சுற்றிவர வேலி கட்டினாய். தினம் தண்ணீர் ஊற்றினாய்.

எங்களுக்குக் கள்ளி என்றால் ஒரே சேதிதான். பிறந்த பொட்டப்பிள்ளை வாயில் அந்தப் பாலை ஊற்றிவிடுகிற கொடுமை அப்போது பேப்பரில் எல்லாம் வந்துகொண்டிருந்தது. என் அம்மாவுக்கு எனக்கு முன்னால் பிறந்த ஒருத்தி அப்படித்தான் போனாள் என்று அம்மாச்சி வாயால் கேட்டவள் நான். அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏட்டி, பொட்டையாப் பிறந்தா இவ என்ன செய்வாளோ. நம்ம வீட்டுப் பேரு கெட்டுப் போயிரும்” என்றார்கள். நீ குளிக்கப் போன நேரம் நான்தான் பிடுங்கினேன். கையெல்லாம் பால். வேருக்குப் பக்கத்தில் வெற்றிலையும் பாக்கும் வைத்திருந்தாய். அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

நீ வந்து குழியைப் பார்த்தாய். என் கையையும் பார்த்தாய்.

பெண்தான் பிறந்தாள். உன்னிடம் பால் குடிக்க மட்டும் கொடுப்போம், அதுவும் நானோ அத்தையோ பக்கத்தில் இருந்து. குடித்து முடித்ததும் வாங்கிக்கொள்வோம். நாங்கள் வெளியே போனால் உன் அறைக் கதவுக்கு வெளியே கொண்டி. கொண்டியைப் போடுகிற கை என் கைதான். நீ அவளுக்குப் பாடினால் அத்தை மந்திரம் போடுகிறாள் என்பார்கள். உன் அண்ணனுக்கு எழுதின கடிதங்களுக்குப் பதில் இல்லை. உங்கள் பக்கம் தனி மாநிலம் கேட்டுப் போராட்டம், ரயிலே ஓடவில்லை என்று ரேடியோவில் சொன்னார்கள். இந்தப் பக்கம் கதவு, அந்தப் பக்கம் ரயில், நடுவில் நீ. ஒரு நாள் பிள்ளையை நான் வாங்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

“அக்கா, பாப்பா எனக்கு இல்லையா?”

நான் கையை உருவிக்கொண்டேன்.

பிள்ளைக்குப் பதினொரு மாசம் ஆகிறவரைக்கும் இப்படித்தான். கொழுந்தனார் லீவில் வந்தார். கள்ளி நட்டதை நீ முன்னமே அவருக்கு எழுதியிருந்தாய் போல, செருப்பைக்கூடக் கழற்றாமல் முற்றத்து மூலையில் போய் நின்றார்.

“மதினி, இங்கன இருந்த சாமி எங்க?”

அப்புறம்தான் சொன்னார். அதற்கு உங்கள் பாஷையில் சிஜௌ என்று பேராம். உங்கள் போடோ சனத்து வீடுகளில் முற்றத்தில் அதுதான் பத்தௌ சாமி. ஈசானிய மூலையில்தான் வைப்பார்களாம். நாமும் சாமியை அந்த மூலையில்தானே வைக்கிறோம் என்று கேட்டார்.

பிள்ளையைக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்தேன். நீ வாங்கிக்கொண்டு கதவை உள்ளே தாழ் போட்டாய். மூன்று நாள். சோற்றை ஜன்னல் வழியாக உன் புருஷனிடம் மட்டும் வாங்கினாய். நான் வெளியே சுவரோரமாக இருந்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவள் பாடு. நாலாம் நாள் திறந்தாய். பிள்ளையை என் மடியில் வைத்து, “பிடிங்க, குளிச்சிட்டு வாரேன்” என்று போனாய்.

அதற்கப்புறம் எம்புட்டோ பேசினோம். உன் பாட்டு மந்திரம் இல்லை, உன் அம்மா கட்டின தாலாட்டு என்று சொன்னாய். பெட்டியில் இருந்த கவிதைப் புஸ்தகத்தைக் காட்டினாய், இந்தி எழுத்தில் இருந்தது. முன்னே அசாமி எழுத்து, கொஞ்ச காலம் இங்கிலீஷ் எழுத்து, இப்போது இது. எந்த எழுத்தில் எழுதுவது என்றே ஊர் தெருவில் இறங்கிப் போராடினது என்றாய். “எங்க பாஷை மூணு வீடு மாறிக் குடியிருந்துச்சுக்கா. ஆனாலும் எங்களை விட்டுப் போகல” என்றாய். ஐந்தாவது வரைக்கும் படித்த நான், எழுத்து என்பது காற்று மாதிரி தானாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

திரும்பக் கள்ளி நட்டுத் தாரேன் என்று ஒரு தடவை கேட்டேன்.

“வேண்டாம்க்கா. சாமிய ரெண்டு தடவ பிடுங்கக் குடுக்க மாட்டேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். இரண்டு தடவை ஊருக்கு டிக்கெட் எடுத்தோம். இரண்டு தடவையும் பந்த். மூன்றாவது எடுப்பதற்குள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. பிள்ளையாவது அந்த மண்ணில் வளரட்டும் என்று கொழுந்தனார் அவளை உன் டிரங்குப் பெட்டியோடு உன் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்.

உன் படம் என்று இந்த வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. பிள்ளைக்கு ஆறாம் மாசம் ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டு எடுத்தது. நடுவில் நான், என் மடியில் பிள்ளை. நீ ஓரத்தில் நிற்கிறாய். எல்லோரும் கேமராவைப் பார்க்கிறோம், நீ மட்டும் பிள்ளையைப் பார்க்கிறாய். அதை நான் கழற்ற மாட்டேன். தினம் என் கண்ணில் படத்தான் வேண்டும். உன் மகளுக்கு இன்றைக்கே கடுதாசி போட்டுவிட்டேன். உன் தொக்கனாவைக் கட்டிக்கொண்டு, மாமன் வீட்டு முற்றத்தில் சிஜௌ பக்கத்தில் நின்று, புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடம்மா என்று.