விக்டோரியா ராணிக்குப் பட்டு முந்தானை

கஸ்பாரின் அப்பாவுக்கு,

நான் பாப்பாரப்பட்டிக்கு அம்மா வீட்டுக்குப் போகிறேன். களி பானையில், குழம்பு உறியில். காசுப் பெட்டியின் சாவி அரிசிப் பானைக்குள்.

நாலு மணிக்குப் பெங்களூர் துரை வருவார், உங்கள் பழைய இங்கிலாந்துக் காசுகளுக்குத் தரம் சொல்ல. பயப்படாதீர்கள், நான் புளி போட்டுத் துலக்கவில்லை. "கறுத்திருந்தா கறுத்திருக்கட்டும், தேய்ச்சா காசு செத்துப்போயிடும்" என்று நீங்கள் தினமும் ஓதுவது காதிலேயே இருக்கிறது. விளிம்பில் பிடித்துத்தான் எடுத்தேன்.

காசிலிருக்கும் அந்தக் கிழ ராணியின் மூக்கில் கீறல் விழக்கூடாதென்று என் கல்யாணப் புடவையின் முந்தானையை முப்பது துண்டாக வெட்டிச் சுற்றி வைத்திருந்தீர்கள். (முப்பது காசு என்றாலே நம் வேதத்தில் நல்ல பேர் கிடையாது, ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த கூலி.) கேட்டதற்கு, "பொட்டியில சும்மாத்தானே கெடந்துச்சு" என்றீர்கள். என் துண்டுகளை எடுத்துக்கொண்டேன். கிழிந்த புடவைக்கு என்ன தரமென்று துரையைக் கேட்டு வையுங்கள்.

ராணிக்குக் குறை வைக்கவில்லை. முப்பதும் இப்போதும் பட்டில்தான் இருக்கின்றன.

ஞாயிறு பூசைக்குள் வந்துவிடுவேன்.

ராயம்மாள்

பி.கு.: துரை முன்னால் கட்டிக்கொள்ள உங்கள் பட்டு வேட்டியைத் தேடாதீர்கள். அதுவும் பெட்டியில் சும்மாத்தான் கிடந்தது.