பிரேமா சிரித்த படம்

நவம்பர் 4, செவ்வாய்
பள்ளியிலிருந்து வந்ததும் பீரோவுக்கு மேலிருந்த பெட்டியை இறக்கினேன். தொண்ணூறுகளில் நான் லினோவில், அந்த ரப்பர் போன்ற தகட்டில், செதுக்கி அச்சிட்ட படங்களைக் கண்காட்சிக்குக் கேட்டுச் சென்னையிலிருந்து எழுதியிருக்கிறார்கள். மொத்தம் பதினொன்று. பத்தைப் பார்த்தேன். கடைசிப் படத்தைப் பார்க்காமல் மூடிவிட்டேன்.

நவம்பர் 5
அவர்கள் முதலில் கேட்பதே அந்தக் கடைசிப் படத்தைத்தான்.

நவம்பர் 8, சனி
இன்று எடுத்துவிட்டேன். என் தோழி பிரேமலதா தலையைப் பின்னால் சாய்த்து, முடி அவிழ, பல் தெரியச் சிரிக்கிறாள். அப்போது எங்கள் இருவருக்கும் இருபத்து மூன்று வயது. சந்தோஷத்தைச் செதுக்குகிறோம் என்றுதான் நினைத்தேன். படம் பேப்பரில் வந்தது. அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்துவிட்டு, இப்படிப்பட்ட பெண் வேண்டாம் என்றார்கள். தேரடியில் எல்லார் முன்னாலும் அவள் அண்ணன் என்னைப் பார்த்து, "ஏட்டி, நீ வெளங்குவியா?" என்று கத்தினார். அதன்பின் அவள் என்னிடம் பேசவில்லை. நான் லினோவைத் தொடவில்லை. இருபத்தெட்டு வருடம் – ஒரு சிரிப்பு எனக்குக் குற்றமாகவே இருந்தது.
அவளைக் கேட்காமல் அனுப்பக் கூடாது. எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

நவம்பர் 9, ஞாயிறு
பிரேமா இப்போது இருக்கும் வாசுதேவநல்லூருக்குப் போனேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்தபடியே நின்றாள். படத்தைக் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன்.
"நீ எதுக்குட்டி மன்னிப்பு கேக்க? பேப்பர வெட்டி மாப்பிள்ளை வீட்டுக்குத் தபால்ல அனுப்புனதே நாந்தான்."
எனக்குப் புரியவில்லை.
"அந்த ஆள எனக்குப் பிடிக்கல. வீட்ல சொன்னேன், கேக்கல. ஒன் படம் கெடச்சுது."
"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"
"அண்ணன் ஒன்னய வஞ்சாம்னு தெரிஞ்சதும் ஒன் மூஞ்சில முழிக்க வெக்கமாப் போச்சு. நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம்னே வருசம் ஓடிட்டு."
அழுதாள். நான் அழவில்லை. கிளம்பும்போது ஒரு சீட்டில் நம்பர் எழுதிக் கையில் திணித்தாள். காபியைக் குடிக்காமலே வந்துவிட்டேன்.

நவம்பர் 10
இவ தப்பிச்சுக்கிட்டா. நான்? நான் என்ன பாவம் பண்ணுனேன்? அம்மாவும் போன பிறவு இந்த வீட்ல எனக்கு யாரு இருக்கா?

நவம்பர் 13
படத்தை ஜன்னலோரம் சாய்த்து வைத்துப் பார்த்தேன். அந்த வாய் சிரிப்பதாகத் தெரியவில்லை. கத்துவது போல இருக்கிறது. எதிரே உட்கார்ந்து செதுக்கிய எனக்குக் கேட்கவில்லையே.

நவம்பர் 15
போன் செய்தேன்.
"படத்த அனுப்புதேன்."
"அனுப்புட்டி."
இருவருமே போனை வைக்கவில்லை. "நாளைக்கு வாரியா?" – நான்தான் கேட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு
பிரேமா வந்தாள். பேச்சு அவ்வளவாக வரவில்லை. சாப்பிட்டோம். பாயை விரித்துக் கொஞ்சம் தூங்கினாள். நாலரை பஸ்ஸுக்குப் போகணும் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், ஏழு மணி பஸ்ஸுக்குத்தான் போனாள்.