மொய்யும் தவணையும்

மார்ச் 11, 2025, செவ்வாய்

611. வீட்டுக் கடன் கேட்டுப் பேங்குக்குப் போன இடத்தில் மேனேஜர் அம்மா இவருடைய சிபில் ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டினார். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்த்துப் போடுகிற மார்க்காம் அது. இவர் ஓட்டுகிற குட்டியானை லோடு வண்டிக்கு மாதம் பதினோராயிரம் தவணை, ஐந்தாம் தேதி கட்ட வேண்டும். பத்து மாதம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார். ஆகஸ்டும் செப்டம்பரும் மட்டும் தவறியிருக்கிறது. அதுவும் வருஷா வருஷம்!

"இந்த ரெண்டு மாசம் மட்டும் அப்படி என்னதாங்க ஆகுது ஒங்களுக்கு?"

நான்தான் வாயைத் திறந்தேன். "ஆடி, ஆவணி மேடம். மொய் விருந்து."

வெளியூர்க்காரர் போல, விளங்கவில்லை. சொன்னேன் — இங்கே ஒருத்தர் விருந்து வைப்பார், ஊரே வந்து மொய் எழுதும். அந்தப் பணத்தில் அவர் கிணறு வெட்டுவார், மகளைக் கட்டிக்கொடுப்பார். பிறகு எழுதியவர்கள் விருந்து வைக்கும்போது வாங்கியதோடு கூடக் கொஞ்சம் போட்டுத் திருப்பி எழுத வேண்டும். சோறு போட்டுக் கடன் வாங்குகிற ஊர். இவர் ஒரு மொய்யையும் விட்டதில்லை. எல்லாம் தவணைப் பணத்தை எடுத்துத்தான்.

"அங்க எழுதலைன்னா?"

"மானம் போயிரும்ங்க" என்றார் இவர்.

"இங்க கட்டலைன்னா?"

"இங்க யாருங்க பாக்குறா?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வருஷம் ஆவணி தாண்டும் வரை ஒரு நாள் பிந்தாமல் கட்டிவிட்டு வரச் சொன்னார். எழுநூறைத் தொட்டால் பார்க்கலாமாம்.

மார்ச் 16

வீட்டு ஓனர் ராம்நாத் சார் வந்தார். மகனோடு சென்னைக்குப் போகிறார், நாங்கள் குடியிருக்கும் இந்த வீட்டை எங்களுக்கே தருகிறேன் என்கிறார். தை வரைக்கும் பொறுப்பார். முன்பணம் இரண்டு லட்சம் கொடுத்தாயிற்று. என் வளையல், சங்கிலி எல்லாம் அடகுக்கடையில். தைக்குள் கிரயம் முடியவில்லையென்றால் முன்பணம் திரும்ப வராது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டோம். போட்டபிறகுதான் தைக்கு இன்னும் எத்தனை மாதம் என்று விரல் விட்டு எண்ணினேன்.

இவர் ஒன்றும் நடக்காததுபோல் இரண்டு தட்டு இட்லி சாப்பிட்டார். எப்படித்தான் இறங்குகிறதோ.

ஏப்ரல் 5

கட்டியாச்சு.

ஜூன் 9

634. தினமும் போனில் பார்க்கிறேன். "அது என்ன சோறா, வெந்துருச்சான்னு நிமிசத்துக்கொரு தடவ தொறந்து பாக்க?" என்கிறார் இவர். நக்கலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

பள்ளிக்கூட ஆபீஸில் எனக்கு வேலையே பீஸ் பாக்கிக்காரர்களுக்கு நோட்டீஸ் அடிப்பதுதான். இன்று அடிக்கக் கை வரவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 19

ஆடி பிறந்து மூன்று நாளாகவில்லை, அதற்குள் ஏழு மொய் விருந்துப் பத்திரிகை. எல்லாவற்றையும் வாங்கிப் பீரோவில் பூட்டினேன். "ஒருத்தருக்கும் கிடையாது. தை கழியட்டும், அப்புறம் வட்டியோட எழுதுவோம்" என்றேன். இவர் வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். டீக்கடைப் பக்கம் போவதையும் நிறுத்திவிட்டார். பாவமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். இத்தனை வருஷம் என்னைக் கேட்டா எழுதினார்?

ஜூலை 24

எட்டாவது பத்திரிகை. நிலவழகன். என் தம்பி.

"ஆகஸ்ட் நாலாந்தேதி விருந்து, அக்கா. போர் போடப்போறேன். தண்ணி இல்லாம மல்லியெல்லாம் கருகுது. ஒங்கள நம்பித்தான் எறங்கிருக்கேன்."

காபியைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். நானும் சிரித்தேன். நாங்கள் விருந்து வைத்தபோது நாற்பதாயிரம் எழுதியவன் அவன். கூடப் பத்துப் போட்டு ஐம்பது எழுத வேண்டும்.

ஜூலை 31

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன். "நிலவனுக்கு மட்டும் செஞ்சிருவோம். யார்கிட்டயாவது பொரட்டுவோம். ஒரு மாசத் தவணை போனாப் போகுது."

இவர் வண்டிச் சாவியை மேசையில் வைத்தார். "இப்பத் தெரியுதா சத்யா?"

அவ்வளவுதான் கேட்டார். கத்தியிருந்தாலும் தேவலை. யார் தருவார்கள்? கேட்ட இடமெல்லாம் ஆடியைக் காட்டிக் கைவிரிக்கிறார்கள். அவரவர்க்கு அவரவர் மொய்.

என் தம்பியென்றதும் எனக்கு மட்டும் எப்படி நியாயம் மாறிப்போச்சு? வெட்கமாயிருக்கு. அதுக்காக அவன விட்டுர முடியுமா? அடகுல கெடக்குறது என் நகை. வெரட்டி வெரட்டிக் கட்ட வைக்கிறது நான். அவனும் என் தம்பிதானே!

ஆகஸ்ட் 4

காலையில் ஏ.டி.எம்.மில் நின்றேன். கணக்கில் பதினாறாயிரத்துச் சொச்சம். பின்னால் நின்றவர் "எடுக்கிறீங்களாம்மா, இல்லையா?" என்று கேட்டபிறகு ஐயாயிரம் எடுத்தேன்.

பந்தலில் கறிச்சோற்று வாசனை. மேசையில் எழுதுகிறவர் பழைய மொய் நோட்டைப் புரட்டி, "வாங்குனது நாப்பது" என்றார். நான் நோட்டுகளை வைத்தேன். எண்ணிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "அஞ்சுதானாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். இன்னொரு தரம் எண்ணினார். பாவி மனுசன்!

நிலவன் பக்கத்தில்தான் நின்றான். "சாப்பிட்டுப் போக்கா" என்று மட்டும் சொன்னான். இலையில் உட்கார்ந்தேன். என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் மெசேஜ் போட்டேன்: 'தை கழிஞ்சதும் மிச்சத்தைத் தந்துர்றேன்டா.' பார்த்துவிட்டான். பதில் இல்லை.

ஆகஸ்ட் 5

கட்டியாச்சு.

செப்டம்பர் 5

கட்டியாச்சு. நிலவனுக்குப் போன் போட்டேன். அவன் பெண்டாட்டி எடுத்தாள். தோட்டத்தில் இருக்கிறாராம். போர்? "பாதிதான் எறங்குச்சு அண்ணி. மிச்சத்துக்குப் பணம் பொரளல."

எனக்கு வேலை ஓடவில்லை. கூட்டியதையே கூட்டிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 14

708! ஆபீஸில் எழுந்து நின்றுவிட்டேன். இவருக்குப் போன் செய்தால், "என்ன, சோறு வெந்துருச்சா?" என்று கேட்டு அவரே சிரிக்கிறார். எத்தனை மாசமாயிற்று இந்தச் சிரிப்பைக் கேட்டு. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. முதலில் சொல்ல நினைத்தது நிலவனிடம். சொல்லவில்லை.

டிசம்பர் 3

கடன் பாஸாகிவிட்டது. பதினைந்து வருஷம். எத்தனை கையெழுத்து! என் பெயரே எனக்கு மறந்துபோயிற்று.

பிப்ரவரி 8, 2026, ஞாயிறு

விடிவதற்குள் பால் காய்ச்சியாயிற்று. வாடகைக்கு இருந்த அதே வீடுதான், அதே அடுப்படிதான். ஆனாலும் இன்று ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாம் என்றதும் இவர் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்.

பிறந்த வீட்டுச் சீர் வராது என்றே நினைத்திருந்தேன். வந்தது. தம்பி பெண்டாட்டி தட்டோடு உள்ளே வந்தாள். பட்டுச்சேலை, பழம், வெண்கலப் பானை, ஒரு குறையும் இல்லை. போர் இன்னும் பாதியில்தான் கிடக்கிறது, எதை விற்றானோ. அவன் மட்டும் வாசலுக்கு வெளியே வண்டியை விட்டு இறங்காமல் இருந்தான்.

பாயசம் எடுத்துக்கொண்டு ஓடினேன். மிச்ச மொய்யை வைத்த கவரையும் எடுத்துப் போனேன். இவர் வெளியில் புரட்டித் தந்தது. பாயசத்தை வாங்கிக் குடித்தான். கவரை நீட்டினேன். தொடவில்லை.

"மொய் நோட்ட அன்னிக்கே மூடியாச்சுக்கா. வீடு நல்லாயிருக்கு. கடன் எத்தன வருசம்?"

"பதினஞ்சு."

"மாசா மாசமா?"

"மாசா மாசம்டா."

டம்ளரைக் கையில் கொடுத்தான். "அப்ப இன்னும் பதினஞ்சு வருசத்துக்கு நம்ம வீட்டு விசேசம் எதுலயும் ஒன்னப் பாக்க முடியாதுன்னு சொல்லு" என்று வண்டியைக் கிளப்பினான்.

வருவேன்டா என்று சொல்ல வேண்டியவள், வரப்போகிற ஆடி ஆவணிக்குள் எத்தனை தவணை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.