இஸ்திரி அம்மா எங்களை ஒருத்தி மேல் ஒருத்தியாக ஏவிவிட்ட கதை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் இந்த வாக்கியத்தை ஒப்புக்கொள்ளாது. அங்கே நீயும் சுகம்தான் என்று நம்புகிறேன், இல்லாவிட்டாலும் சுகம் என்றுதான் சொல்வாய், என் வயிற்றில் பிறந்தவள்தானே. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ ம், ம் என்று கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவுவது எனக்கு இங்கே நன்றாகக் காதில் விழுகிறது. கடிதம் என்றால் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். உட்கார்ந்து படி.

வீட்டுச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். அப்பா பஸ் ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர அவருடைய வலது கால் இன்னும் பெறவில்லை, யார் வண்டியில் ஏறினாலும் தரையில் பிரேக்கைத் தேடி மிதிக்கிறார். கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை அப்படியேதான். போன வாரம் ஒருவர் வந்து, புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் வயதானது போலத் தெரிகிறது, பவர் தப்பு என்று சண்டை போட்டார். பவர் சரிதான் சார், அதுதான் பிரச்சினை என்று சொல்லி அனுப்பினேன். உன் அறையில் ஒழுகிய இடத்தைப் பூசியாயிற்று. ஏன் அவசரமாகப் பூசினோம் என்று கடைசியில் தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் விடுதிப் பள்ளித் தலைமையாசிரியை காலமானார் என்று உனக்கு ஒரு வரி அனுப்பியிருந்தேன், நீயும் அழுகிற பொம்மை முகம் ஒன்று அனுப்பியிருந்தாய். அந்த அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் இஸ்திரிப்பெட்டி. உடுப்பில் ஒரு சுருக்கம் இருக்காது என்பது பாதிக் காரணம்தான். அவர் வாசலில் வந்து நின்றால் போதும், கட்டிலில் உருண்டுகொண்டிருந்த நாங்கள் எல்லோரும் மடித்து அடுக்கிய துணி மாதிரி ஆகிவிடுவோம். குரலை உயர்த்தியதே இல்லை. அவர் மெதுவாகப் பேசப் பேச நமக்குத்தான் தொண்டை வறளும். அவர் சிரித்ததைப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது, பார்த்ததாகச் சொன்ன ஒருத்திக்கு அன்றைக்குக் காய்ச்சல்.

பழைய மாணவிகள் எல்லோரும் கூடி அவரை நினைவுகூர்வது என்று முடிவாகி, பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்திலேயே போன மாதம் ஒரு கூட்டம் வைத்தோம். அதே நீள மேசைகள், அதே ஆடும் பெஞ்சு, ஆனால் உட்கார்ந்தவர்கள்தான் இரண்டு மடங்கு அகலம். அப்பாவும் கூட வந்தார், துக்கத்துக்காக என்று நினைக்காதே, தேநீரும் பன்னும் உண்டு என்று அழைப்பில் போட்டிருந்தது. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு நாற்காலியில் அம்மாவின் படத்தை வைத்திருந்தார்கள். உள்ளே வந்தவர்கள் அத்தனை பேரும் படத்தைப் பார்த்ததும் தங்களையறியாமல் உடுப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். நானும்தான்.

முதலில் பேசியவள் கண்டிப்பானவர் ஆனால் கனிவானவர் என்றாள். இரண்டாவது பேசியவள் கனிவானவர் ஆனால் கண்டிப்பானவர் என்றாள். மூன்றாவது பேசியவள் இரண்டையும் எழுதிக்கொண்டு வந்திருந்தாள் பாவம், வேறு வழியில்லாமல் அதையே வாசித்தாள். அப்பா தூங்க ஆரம்பித்துவிட்டார். அப்புறம் தபால்பெட்டி எழுந்தாள். எந்நேரமும் வாய் திறந்தே இருக்கும் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர், இப்போது குழந்தைகளுக்கான பல் மருத்துவர், பொருத்தமான வேலைதான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாழ்க்கையிலேயே நான் காப்பாத்தின ஒரே ரகசியத்தை இன்னிக்கு உடைக்கப் போறேன் என்றாள். கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

விடுதிக்கு வந்த புதிதில் அவள் வீட்டை நினைத்து ஓயாமல் அழுதிருக்கிறாள். அம்மா தனியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டு, ஜன்னலைச் சாத்தி, எங்கள் வகுப்பு இரட்டையர்களில் பெரியவளைப் பற்றிச் சொன்னாராம். அந்தப் பொண்ணு வெளியிலதான் தைரியம், உள்ளுக்குள்ள ரொம்ப ஆடிப்போயிருக்கா, நீ கொஞ்சம் கூடவே இருந்து பார்த்துக்கோ, அவளுக்கும் தெரியக் கூடாது, வேற ஒருத்திக்கும் தெரியக் கூடாது, உன்னை நம்பித்தான் சொல்றேன் என்றாராம். அன்னிலிருந்து எனக்கு அழ நேரமே இல்ல, படிப்பு முடியிற வரைக்கும் அவளைக் கண்ணுக்குள்ள வச்சுப் பார்த்தேன் என்று தபால்பெட்டி விம்மினாள். இரட்டையர்களில் பெரியவள் திருதிருவென்று விழித்து, என்னையா, நீ என் பக்கமே வந்ததில்லையே என்றாள். சின்னவள் எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அதனாலதானா, ஒரு நாள்கூட சுவர் ஏறிக் குதிக்க விடாம என் காலைச் சுத்திக்கிட்டே கிடந்தியே, அதனாலதானா என்று கத்தினாள். தபால்பெட்டி ஆரம்பத்திலிருந்து ஆள் மாறிப் பார்த்திருக்கிறாள்.

சிரிப்பு அடங்குவதற்குள் நடு பெஞ்சிலிருந்து சுண்டெலி எழுந்தாள். எங்கள் வகுப்பிலேயே சின்ன உருவம், இப்போது நீதிபதி, வக்கீல்கள் அவள் அறைக்குள் போகுமுன் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்களாம். ஒரு நிமிஷம், உன்கிட்டயும் ஜன்னலைச் சாத்திட்டுத்தான் சொன்னாங்களா என்று கேட்டாள். அவளிடமும் சொல்லியிருக்கிறார். சுண்டெலி பார்த்துக்கொண்டது தபால்பெட்டியை. அப்போது எனக்குப் பொறுக்கவில்லை மகளே, ஏனென்றால் சுண்டெலியைப் பார்த்துக்கொண்டது நான். அவள் பயந்த பிள்ளை, நான் தைரியசாலி, அம்மா ஆயிரத்தில் ஒருத்தியாக என்னைத் தேர்ந்தெடுத்தார் என்றுதான் இத்தனை காலமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். எழுந்து நின்று சொல்லியும்விட்டேன். சுண்டெலி கண்ணாடியை இறக்கி என்னை ஒரு பார்வை பார்த்து, எனக்கா, நீயா, நான் உன்கூட இருந்தது நீ தனியா இருக்கியேன்னு இரக்கப்பட்டு என்றாள்.

அப்புறம் கூட்டமா அது, சந்தைக்கடை. ஆளாளுக்கு எழுந்து உன்னை நான், என்னை நீயா என்று ஒரே கூச்சல். இணைபிரியாத தோழிகள் என்று பேர் வாங்கிய இருவர், ஒருத்தியை ஒருத்தி உத்தரவுக்காகத்தான் சகித்துக்கொண்டிருந்தோம் என்று கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டு அழுதார்கள். விடுதிக்கு வந்த பிள்ளைகளில் ஒருத்தியையும் விடாமல் அந்த அம்மா இன்னொருத்தி தலையில் கட்டியிருக்கிறார். படத்தில் இருந்த முகத்தைப் பார்த்தேன், ஒரு சுருக்கம் இல்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, என்னைப் பார்த்துக்க யாரையும் போட்டிருக்க மாட்டாங்க, எனக்கு எதுக்கு என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்பும் சிரித்தேன். கடைசி பெஞ்சில், அப்பாவுக்குப் பக்கத்தில், பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு கை மேலே எழுந்தது. ஒட்டுப்புல்.

உனக்கு அவளைத் தெரியும், மூன்று வயதில் அவள் முகத்துக்கு நேராகவே ஒட்டுப்புல் பெரியம்மா என்று கூப்பிட்டு என் மானத்தை வாங்கினாய். பள்ளியில் என் பக்கத்துக் கட்டில், சாப்பாட்டில் பக்கத்துத் தட்டு, போ என்றால் நாலடி தள்ளி நிற்பாள், திரும்பிப் பார்த்தால் அதே நாலடியில் இருப்பாள். டெலிபோன் ஆபரேட்டராக வேலை கிடைத்து இதே ஊருக்கு வந்து சேர்ந்தாள். கல்யாண போட்டோவில் எனக்கு ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் அவள், யார் மாப்பிள்ளை என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும். நீ பிறந்தபோது அப்பாவுக்கு முன்னால் உன்னைப் பார்த்தவள் அவள். எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆனபோது கூப்பிடாமலே வந்து உட்கார்ந்து, நோயாளிக்கு வந்த பழத்தையெல்லாம் தின்றுகொண்டே நர்சுகளை அதிகாரம் செய்தாளே. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏதாவது ஒரு சாக்கோடு வருவாள், குடையை மறந்துவிட்டேன் என்பாள், அவள் குடையே கொண்டுவந்திருக்க மாட்டாள். இவளுக்கு என்னதான் வேண்டும் என்று நான் புலம்பாத நாள் இல்லை.

அவள் பன்னை விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னாள். அம்மா சொன்னாங்க, அந்தப் பொண்ணுக்கு வாய்தான் நீளம், ராத்திரியெல்லாம் தலையணைக்குள்ள முகத்தை வச்சு அழறா, நீ பக்கத்துலயே இருன்னாங்க. எப்ப நிறுத்தணும்னு சொல்லல. நான் அழவில்லை, எனக்கு ஜலதோஷம் என்றேன். கூடம் முழுக்க அப்படி ஒரு சிரிப்பு. எனக்கு முகம் எரிந்தது. இன்னியோட போதும், நான் உன்னை விடுவிக்கிறேன், இனிமே வராதே என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவள் அசையவில்லை. நீ யாரு விடுவிக்க, நோயாளி டாக்டரை டிஸ்சார்ஜ் பண்ண முடியுமா என்றாள். சுண்டெலி மேசையைத் தட்டி, உத்தரவு போட்டவர் இறந்துட்டா உத்தரவு தானா ரத்தாகாது, அது அமல்லதான் இருக்கு என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். கடைசியில் பள்ளிப் பாட்டு பாடினோம், ஒட்டுப்புல் பாட்டுத் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடியதை நான் பார்த்தேன், பார்த்தும் கோபத்தில் விட்டுவிட்டேன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பா தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே வந்தார். உன்னைக் கட்டி மேய்க்கிறது ஒத்தை டிரைவர் வண்டின்னுல்ல நினைச்சேன், எனக்கு ஒரு மாத்து டிரைவர் இருந்திருக்காங்க என்றார்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. நிம்மதி என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வாசலில் யாரோ நடந்தால் அப்பா என்னைப் பார்ப்பார், நான் ஜன்னலைத் துடைப்பேன். நம் வீட்டு ஜன்னல் அவ்வளவு சுத்தமாக என்றைக்கும் இருந்ததில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. அப்போதுதான் அந்தத் தலைகீழ்த் தாள் மனதில் வந்து உறுத்தியது, கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். யோசித்துப் பார், அவள் வீட்டு வாசற்படியை நான் மிதித்தது அன்றுதான் முதல் முறை.

கதவு தாழ்ப்பாள் போடாமல் இருந்தது. பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிந்தது. போனைக் காதுக்குப் பதில் கண்ணுக்கு ஒட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகத் தடவிக்கொண்டிருந்தாள். என் குரலைக் கேட்டதும் தேநீர் போடுகிறேன் என்று எழுந்து போனாள், உப்புத் தேநீர் வந்தது, நான் முழுவதும் குடித்தேன். முழங்கையில் பெரிய சிராய்ப்பு. என்ன என்று துருவித் துருவிக் கேட்ட பிறகு சொன்னாள். உன் வீட்டுக்குத்தான் கிளம்பினேன், பஸ் நம்பர் தெரியல, வேற பஸ்ல ஏறிட்டேன், எங்கேயோ இறக்கி விட்டுட்டான், திரும்பி வர்றப்ப நடைபாதையில தடுக்கிட்டேன், மறுவாரமும் கிளம்பினேன், அன்னிக்கும் அதே கதை. இரண்டு கண்ணிலும் புரை முற்றிப்போயிருக்கிறது. ஏன்டீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, நான் என்ன காய்கறிக் கடையிலயா வேலை செய்யிறேன் என்று கத்தினேன். அவள் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. பார்த்துக்கிறவளுக்கே பார்வை போச்சுன்னா அப்புறம் நீ என்னை உள்ள விடுவியா என்றாள்.

நான் அங்கேயே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அழுதேனா என்று கேட்காதே, எனக்கு ஜலதோஷம் அடிக்கடி வரும்.

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடை வழியாக எனக்கு அங்கே டாக்டரைத் தெரியும், சீக்கிரமே ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார். உள்ளே கூட்டிப்போகும்வரை, எனக்கு ஒண்ணும் பயமில்ல, நீதான் பயந்த ஆளு, உனக்காகத்தான் கையைப் பிடிச்சிருக்கேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். என் விரல்கள் மரத்தே போயின. வெளியே வந்து கட்டோடு படுத்தவள் முதலில் கேட்டது, யாரு சொல்லி நீ வந்தே என்று. யாரும் சொல்லல, இது ஓவர்டைம் என்றேன். அப்புறம் பழம் ஏதாவது இருக்கா என்று கேட்டாள்.

இப்போது உன் அறையில்தான் இருக்கிறாள், அதற்குத்தான் பூச்சு வேலை. ஒரு கண் முடிந்தது, அது ஆறியதும் அடுத்த கண். அப்பா பேப்பரைச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார், அவள் அவருடைய உச்சரிப்பைத் திருத்துகிறாள், இரண்டு பேரும் காலையில் சண்டை ஆரம்பித்தால் நான் கடையிலிருந்து வரும்வரை அதே பத்தியில்தான் நிற்கிறார்கள். சுண்டெலி வாரம் ஒருமுறை வந்து உத்தரவு ஒழுங்காக அமலாகிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறாள். தபால்பெட்டியும் வந்தாள், நேராகப் பக்கத்து வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள், கூட்டிக்கொண்டு வந்தோம்.

சரி, நீ உடம்பைப் பார்த்துக்கொள். பல்லைக் காட்டிவிட்டு வா என்று எத்தனை முறை சொல்வது, வலி வந்த பிறகு போவதற்குப் பெயர் போவது அல்ல, ஓடுவது. வேலையில் உனக்குப் பதவி உயர்வு வந்தால் சந்தோஷம், வராவிட்டால் அவர்களுக்குத்தான் நஷ்டம். நோய் நொடி அண்டாமல், நல்ல சாப்பாடும் ஆழ்ந்த தூக்கமும் நாலு நல்ல மனிதர்களும் வாய்த்து நீ நீடூழி வாழ வேண்டும். அப்பாவின் ஆசியும் இதில் சேர்த்தி, பேப்பரை விட்டு எழுந்து வந்து எழுத மாட்டேன் என்கிறார்.

நான் எழுதுகிற சத்தம் கேட்டு உள்ளே இருந்து ஒரு குரல், பிள்ளை குளிரில் காலுறை போட்டுக்கொண்டு தூங்க வேண்டும் என்று எழுதச் சொல்கிறது. எழுதிவிட்டாயா என்றும் கேட்கிறது. கண் கட்டியிருக்கிறது, எழுதாமலே எழுதிவிட்டேன் என்று சொன்னாலும் தெரியப் போவதில்லை. எழுதிவிட்டேன். போட்டுக்கொள்.

என்றும் உன்
அம்மா