வழுவழுப்பான தகடு வேண்டும் என்றாய்

மச்சான்,

நேற்று விருதுநகரில் ஓர் இரும்புக் கடையில், நாலு பேர் பார்க்க என் வேட்டி அவிழ்ந்து விழுந்துவிட்டது. ஊர்க்காரன் எவனாவது முந்திக்கொண்டு உன்னிடம் போட்டுக்கொடுப்பதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, இனி உன்னிடம் எவனும் எதையும் போட்டுக்கொடுக்க முடியாது.

மகள் தவணையில் ஸ்கூட்டி வாங்கியிருக்கிறாள். அதை வாசல்படிக்கு மேலே ஏற்றி உள்ளே விட ஒரு சாய்வுத் தகடு வேண்டும் என்றாள். போனேன். கடைக்குள் கால் வைத்ததும் துருவும் எண்ணெயும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியது. அதோடு புத்தி போய்விட்டது. கடைக்காரர் எடுத்துப் போட்ட தகட்டின்மேல் என் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தேன். செருப்பைக் கழற்றினேன். ஏறி நின்று குதித்தேன். ஐம்பத்திரண்டு வயதில், இந்தத் தொப்பையோடு. தகடு வழுக்கவில்லை, வேட்டிதான் வழுக்கியது. லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் என் பட்டாபட்டி டவுசரைப் பார்த்து வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். ஒருவர் செல்போனில் படம்கூடப் பிடித்தார்.

"என்ன அண்ணாச்சி, ரேக்ளா ரேஸுக்கா தகடு எடுக்கீக?" என்றார் கடைக்காரர்.

நான் வேட்டியைக் கட்டிக்கொண்டு மறுபடியும் ஒருதடவை குதித்தேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் குதித்திருக்க வேண்டியது.

நீ ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசு ஆலையில் போர்மேன். நான் சிவகாசி அச்சாபீசில் பட்டாசுப் பெட்டிகளுக்கு வாசகம் எழுதுகிறவன். ஒரே தெரு, எதிரெதிர் வீடு. என் எழுத்தில் அதிகம் அச்சேறியது 'திரியைப் பற்றவைத்ததும் விலகி நிற்கவும்' என்பதுதான். "லட்சக்கணக்குல விக்குதே மாப்ளே உன் எழுத்து, ஒரு பயலும் படிச்சதில்ல" என்பாய். நான் உன் தொழிலைக் கேலி செய்வேன். காலையில் ஆட்கள் வருவதற்கு முன் நீ வெடிமருந்து அறைக்குள் முழங்கால் போட்டு, உள்ளங்கையால் தரை முழுவதையும் தடவிப் பார்ப்பாயாமே, "பொண்டாட்டி கன்னத்தக்கூட இப்படித் தடவியிருக்க மாட்ட" என்று. நீ கோபப்பட மாட்டாய். "ஒரு பொட்டு மணலு போதும் மாப்ளே, அது உரசுனா அம்புட்டுப் பேரும் காலி" என்பாய்.

அந்த அறைக்குள் இரும்பு போகாது. ஆணி கிடையாது. தரையில் ரப்பர் பாய். ஆட்கள் கால் கழுவிவிட்டுத்தான் ஏற வேண்டும். இதையெல்லாம் நீ இருபத்து மூன்று வருஷம் காவல் காத்தாய். அந்த ஆவணியில் சீசன் உச்சத்தில் இருந்தது, ஆர்டர் நெருக்கியது, லோடு லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்தது. அன்றைக்கு ஒருநாள் நீ தடவவில்லை. யாரோ ஒரு டப்பாவைத் தூக்காமல் இழுத்தார்கள் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். அப்படிச் சொல்லக்கூட உள்ளே இருந்தவர்களில் ஆள் மிஞ்சவில்லை. வெளியே நின்ற உன் இடுப்பின்மேல், வெடித்த அறையின் சுவர் விழுந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் ஏழு மாதம். கால் இரண்டும் போய்விட்டன என்று டாக்டர் சொன்னபோது நீ அதைக் காதில் வாங்கவே இல்லை. "அன்னைக்கு நான் தடவலையே மாப்ளே" என்பதை மட்டும், தண்ணீர் கேட்கிறவன் மாதிரி, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

வீட்டுக்கு வந்தாய். சக்கர நாற்காலி வந்தது. ஆனால் உன் வீட்டு வாசலுக்கு மூன்று படி, படிக்குக் கீழே வாறுகால் சாக்கடை, அதைத் தாண்டினால்தான் தெரு. ஒவ்வொரு தடவையும் உன் பெண்டாட்டி, எனக்குத் தங்கச்சி, தெருவில் இறங்கி நாலு ஆம்பளைகளைக் கூப்பிட வேண்டும். நாலு பேர் உன்னை நாற்காலியோடு தூக்குவார்கள். "ஏலே, சப்பரம் கிளம்பிருச்சு, வழிய விடுங்கலே!" என்று முதல் நாள் கூவியது யார்? நான்தான். தெருவே சிரித்தது. நீ வாறுகாலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மறுநாளிலிருந்து வெளியே போக வேண்டும் என்று கேட்பதை நிறுத்திவிட்டாய்.

பங்குனியில் ஒருநாள் நீயே சொன்னாய். "நாலு மணிக்கு நானா போயி ஒரு டீ குடிச்சிட்டு, நானா திரும்பி வரணும் மாப்ளே. அம்புட்டுதான். ஒருத்தன் கையும் எம்மேல படக் கூடாது."

அடுத்த தடவை மதுரையில் உன்னைக் காட்டிவிட்டுத் திரும்பும்போது விருதுநகரில் இரும்புக் கடை வாசலில் வேனை நிறுத்தச் சொன்னேன். உன்னால் இறங்க முடியாது. கடைக்காரரே இரண்டு துண்டுத் தகடுகளை வேன் கதவுக்குக் கொண்டுவந்தார். ஒன்று புள்ளி புள்ளியாகப் புடைத்தது, மற்றது சமத்தகடு.

"சாய்வுக்கு இதுதான்" என்று புடைத்ததைத் தட்டினார். "ஆறு எம்எம் போடுங்க, அடியில ஆங்கிள் குடுங்க, ஆனையே ஏறலாம். மழையில வழுக்காது."

நீ அதன்மேல் உள்ளங்கையை வைத்தாய். வைத்த வேகத்தில், சுடுகிற மாதிரி எடுத்துக்கொண்டாய். உன் நெற்றியில் வேர்வை பூத்ததை நான் பார்த்தேன்.

"இது மேல சக்கரம் உரசுமே."

"உரசுனாத்தான அண்ணாச்சி வண்டி நிக்கும்?"

"உரசுனா நிக்காதுங்க. உரசுனா போயிரும்."

கடைக்காரருக்குப் புரியவில்லை. எனக்கு நன்றாகப் புரிந்தது. நீ சமத்தகட்டை மடியில் வாங்கி, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தடவினாய். கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல், அன்றைக்குத் தடவாமல் விட்டதையும் சேர்த்துத் தடவுகிறவன் மாதிரி. பிறகு, "போல்ட்டு பித்தளையில கிடைக்குமா, பொறி வராம?" என்றாய். கடைக்காரர் என்னைப் பார்த்தார். தங்கச்சியும் என்னைப் பார்த்தாள். நீயும் கேட்டாய்: "நீ என்ன மாப்ளே சொல்ற?"

புடைத்த தகடு போடு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஐப்பசியில் மழை வரும் என்பது, காலண்டர் அடிக்கிற ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவனுக்குத் தெரியாதா? நான் சொன்னது வேறு. "சவரம் பண்ணுன மாப்பிள்ளை கன்னம் கணக்கா இருக்கு. இதையே எடு, வேணும்னா முத்தமும் குடுத்துக்க."

நீ சிரித்தாய் மச்சான். ஏழு மாத ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் தடவையாக, வேன் டிரைவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதைச் சம்பாதித்தது நான் என்ற பெருமையும் இருந்தது. சமத்தகடு வேனில் ஏறியது.

வெல்டிங் அன்று நீ செய்த கூத்தைத் தெரு இன்னும் பேசுகிறது. பக்கத்து வீடுகளில் கூலிக்குச் சுற்றி வைத்திருந்த திரிக்கட்டுகளையெல்லாம் மறு தெருவுக்கு அனுப்பிய பிறகுதான் வெல்டரைப் பொறி பறக்க விட்டாய். ஆங்கிளில் தகட்டைப் பற்றவைத்ததும் விளிம்புகளை அரம் போட வைத்தாய். வேலை முடிந்ததும் நாற்காலியிலிருந்தே குனிந்து கைக்கு எட்டியவரை தடவினாய். எட்டாத இடத்தை என்னைத் தடவச் சொன்னாய். தடவினேன். "இருக்கா?" என்றாய். "ஒண்ணும் இல்ல" என்றேன்.

சித்திரையிலிருந்து புரட்டாசிவரை நீ நாலு மணிக்குத் தகட்டில் இறங்கினாய். இறங்குவது சுலபம். ஏறுவதற்கு வாசல் தூணில் ஒரு கயிறு கட்டி, அதைப் பிடித்து இழுத்து இழுத்து ஏறினாய். தோள் முறுக்கேறியது. டீக்கடையில் அரசியல் பேசினாய். பெஞ்சில் எனக்கு இடம் பிடிக்க முடியவில்லை என்று வருத்தப்பட்டாய், நாற்காலியோடு வருகிறவனுக்கு அந்தக் கவலை. என் நகைச்சுவைகள் புளித்துவிட்டன என்று டீக்கடைக்காரரிடம் சொன்னாய். அந்த ஆறு மாதமும் உன்மேல் ஒருவர் கையும் படவில்லை.

ஐப்பசியில் விடாமல் இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் பிற்பகலில் மழை விட்டதும் தங்கச்சி ரேஷன் கடைக்குப் போனாள். நாலு மணி ஆனது. நீ அவளுக்காகக் காத்திருக்கவில்லை. நான் ஆபீசிலிருந்து வந்தபோது தெருவில் கூட்டம் நின்றது. வாறுகாலில் நீ கிடந்தாய், உன்மேல் நாற்காலி கிடந்தது. நாலு பேர் உன்னைத் தூக்கினோம். அன்றைக்கு நான் எதுவும் கூவவில்லை.

ஒன்பது நாள் இருந்தாய். பிறகு இல்லை.

தெரு முழுக்க ஒரே பேச்சு. வழுவழுத் தகடு, மழை, சறுக்கல். "கூடப் போனவனாவது சொல்லியிருக்கலாம்" என்று என் காதுபடவே பேசினார்கள். சரியாகத்தான் பேசினார்கள். அந்தத் தகட்டை நானே கழற்றி எடுத்துக்கொண்டு போய்க் கொல்லைச் சுவரில் சாய்த்தேன். இன்றுவரை அங்கேயே நிற்கிறது. விற்கவும் முடியவில்லை, வேறெதற்கும் வைத்துக்கொள்ளவும் கை வரவில்லை.

உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது கௌரவமான குணம் ஒன்றும் இல்லை. எங்கே போனாலும் தரையைத் தடவுகிறேன். கல்யாண மண்டபத்தில், பேங்க் வாசலில், சம்பந்தி வீட்டு நடையில். வெறுங்காலை முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் அடி வைக்கிறேன். நீ சொரசொரப்பைத் தேடித் தடவினாய், நான் வழுவழுப்பைத் தேடித் தேய்க்கிறேன். "உங்க அப்பாவுக்குக் கால்ல அரிப்பா?" என்று சம்பந்தியம்மா மகளிடம் கேட்டாளாம். யாராவது என்னிடம் 'நீங்க என்ன சொல்றீக?' என்று கேட்டால் இப்போதெல்லாம் முதலில் வருகிற வேடிக்கையை விழுங்கிவிட்டு இரண்டாவதைத்தான் சொல்கிறேன். அதனால் என் மவுசு குறைந்துவிட்டது.

இன்று காலை தங்கச்சியைப் பார்க்கப் போனேன். புடைத்த தகடு வாங்கியதை, குதித்ததை, வேட்டி விழுந்ததையெல்லாம் சொன்னேன். சிரித்தாள். பிறகு ஐந்து வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன்: அன்றைக்கு வேனில் புடைத்த தகட்டைப் போடச் சொல்லாமல் கேலி பேசிய நான்தான் உன்னைக் கொன்றேன் என்று. அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"தகட்டு மேல ஏன்ணே பழியப் போடுதீக? நாற்காலியோட முன்சக்கரம் வீட்டுக்குள்ள, நடையிலதான கெடந்துச்சு. தகட்டுக்குப் போறதுக்கு முந்தியே கழண்டு விழுந்திருச்சு. அதான் வாசல்லயே நாற்காலி குப்புறச் சாஞ்சு உருண்டிருக்கு. நாந்தான் எடுத்துப் பரண்ல போட்டேன்."

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அம்புட்டுப் பேரும் தகட்டப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தீக. என்னைய யாரு கேட்டீக?"