கிளியின் கழுத்து

14.7.2002, ஞாயிறு

மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தியேட்டரில் மகள் கவிதாவுக்குக் கார்ட்டூன் படம் காட்டினோம். ராட்சசனின் உயிர் ஏழு கடல் தாண்டிக் கூண்டுக் கிளிக்குள் இருக்குமே, அந்தப் பழைய கதைதான். ஆனால் படத்தில் இளவரசன் கிளியைப் பறக்க விடுகிறான். ராட்சசன் திருந்தி, எல்லோரோடும் சேர்ந்து ஆடுகிறான்.

வெளியே வந்ததும், "கதையையே கெடுத்துட்டானுங்க" என்று கத்தினேன்.

"ஏங்க, நீங்க என்னிக்கு அதை முழுசா சொன்னீங்க? நாலாவது கடலுக்கே குறட்டை வந்துடும்" என்றாள் என் மனைவி செல்வி.

உண்மைதான். பீன்யா ஃபேக்டரியில் காலை ஷிஃப்ட் பார்ப்பவனுக்கு ஏழு கடல் அதிகம்.

"அப்போ நெஜமா கிளி என்னப்பா ஆச்சு?" என்றாள் கவிதா.

"ராத்திரி முழுசா சொல்றேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

சொன்னேன். இரண்டு காபி குடித்துவிட்டு ஏழு கடலையும் தாண்டினேன். இளவரசன் கூண்டுக்குள் கையை விட்டான்.

"தெனமும் நீங்க தூங்கினதும் நானே கூண்டைத் திறந்து விட்டுடுவேன்ப்பா. அது சரிதானே?" என்றாள் கவிதா.

எனக்குத் தெரிந்த கதையில் அவன் கிளியின் கழுத்தைத் திருகுவான். படக்காரனை அத்தனை திட்டிய வாய்க்கு அந்த ஒரு வரி வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குறட்டை விட்டேன்.

"இன்னிக்குக் குறட்டை நல்லாவே இல்லப்பா" என்று சொல்லிப் போர்வையை இழுத்துவிட்டாள்.

படம் எடுத்தவன் வீட்டிலும் இப்படி ஒருத்தி இருப்பாளோ என்னவோ.